கரும்பலகையும் கட்டிலும்: பராமரிப்புப் பயிற்சி பற்றிய ஒரு கண்டனம்

1981ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்போது இலங்கையின் சனத்தொகையில் அறுபதும் அதற்கு மேற்பட்ட வயதினரும் 6.6 சதவீதத்தினராக இருந்தனர். 2012ஆம் ஆண்டில் இவ்விகிதம் 12.4 சதவீதமாக உயர்ந்தது. முப்பத்தோராண்டுகளில் ஏறத்தாழ இரு மடங்கு. இதே காலப்பகுதியில் வடக்கிலும் கிழக்கிலும் போரும் புலப்பெயர்வும் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்தன. மலையகத்து இளையோர் தொழில் தேடிக் கொழும்பை நோக்கி நகர்ந்தனர். விறாந்தையில் ஒரு சாய்மனைக் கதிரையும் அதில் ஒரு முதியவரும் மட்டும் எஞ்சிய வீடுகள் பெருகின. அவ்வீடுகளுக்குள் இன்று ஒரு புதிய தொழிலாளி நுழைந்திருக்கின்றாள். பராமரிப்பாளர் என்பது அவளுக்கு நாம் இட்டுள்ள பெயர்.

இத்தொழிலுக்கு ஆட்களை ஆயத்தஞ்செய்யும் பயிற்சி வகுப்புகளை அரச நிறுவனங்களும் தொண்டர் அமைப்புகளும் தனியாரும் நடத்தி வருகின்றனர். தேசிய தொழிற் தகைமைச் சான்றிதழை நாடிச் சிலரும், வெளிநாட்டு வேலைவாய்ப்பை நாடிச் சிலரும் அவற்றிற்கு வருகின்றனர். வருவோரிற் பெரும்பாலோர் பெண்கள். பிள்ளைகளைப் பெற்று வளர்த்தவர்கள், கணவனை இழந்தவர்கள், தோட்டத்தில் கொழுந்து பறித்த கைகளோடு வருபவர்கள் எனப் பலதிறத்தார் இவர்களுள் உளர். இவர்களுக்கு எதனைக் கற்பிக்கின்றோம் என்பது அவ்வப்போது பேசப்படுகின்றது. எவ்வாறு கற்பிக்கின்றோம் என்பது பேசப்படுவது அரிது. எனது முடிவை முதலிலேயே கூறிவிடுகின்றேன். இன்று எம்மிடையே பரவலாகக் காணப்படும் கற்பித்தல் முறை இப்பெண்கள் சரியாக அறிந்திருப்பதைப் பயன்படுத்துவதுமில்லை. பிழையாக அறிந்திருப்பதைத் திருத்துவதுமில்லை. அது கற்பித்தலே அன்று.

இது வெறும் ஊகத்தின்பாற்பட்ட கூற்றன்று. பாரிசவாதத்தினால் வலப்பக்கம் செயலிழந்து எனது தாயார் படுக்கையிற் கிடந்த காலத்தில், பயிற்சி பெற்ற பராமரிப்பாளர் ஒருவரை அமர்த்தினோம். நாற்பது வயதைக் கடந்த, பொறுமையும் இரக்கமும் நிறைந்த பெண். அவரிடம் சான்றிதழும் இருந்தது. இருநூறு பக்கக் குறிப்புக் கொப்பியும் இருந்தது. படுக்கைப்புண்ணின் நான்கு நிலைகளை அவர் வரிசை தவறாது ஒப்புவிப்பார். முதலாம் நிலையில் தோல் சிவக்கும் என்பது அக்கொப்பியிலுள்ள வாசகம். அவரும் நாள்தோறும் சிவப்பைத் தேடினார். எனது தாயாரின் தோலோ கருமையானது. வெள்ளைத் தோலில் தெரியும் சிவப்பு அத்தோலில் எங்ஙனம் தெரியும்? சிவப்புத் தோன்றவில்லை; இடுப்பின் கீழ்ப்புறத்தே தோல் உடைந்து புண் தோன்றியது.

பின்னர் ஒருநாள் அவரோடு உரையாடும்போது, முன்னர் எவரையேனும் பராமரித்ததுண்டா என வினவினேன். “மாமியை ஆறு வருசம் நான்தான் பாத்தனான். ஒரு புண்ணும் வரேல்லை, ஐயா” என்றார். எவ்வாறு பார்த்தீர்கள் என்றேன். காலையில் உடம்பு துடைக்கும்போது உள்ளங்கையால் முதுகைத் தடவிப் பார்ப்பாராம். சூடாகவோ இறுக்கமாகவோ தட்டுப்படும் பக்கம் அன்று பாயிற் படாதவாறு மாற்றிப் படுக்க வைப்பாராம். நான் திகைத்துப் போனேன். கருமையான தோலில் அழுத்தப்புண்ணின் தொடக்கத்தைக் கண்டறிய நிறத்தை நம்பலாகாது. வெம்மை, இறுக்கம் அல்லது தொளதொளப்பு, நோவு ஆகியவற்றைக் கையால் உணர்ந்தறிய வேண்டும் என்றே இன்றைய தாதியியலும் கூறுகின்றது. அப்பெண்ணின் கைக்கு அது முன்னரே தெரிந்திருந்தது. இதை வகுப்பிற் கூறினீர்களா என்று கேட்டேன். “அங்கை ஒருத்தரும் அதைக் கேக்கேல்லை, ஐயா. கொப்பியிலை இருக்கிறதுதான் சரி எண்டு நினைச்சன்” என்றார்.

கதை இத்துடன் முடியவில்லை. அதே பெண் எனது தாயாரைத் தூக்கி இருத்தும்போது இரு அக்குளிலும் கைகொடுத்து இழுப்பார். மாமியையும் அவ்வாறுதான் தூக்கினாராம். பாரிசவாதம் கண்டவரின் செயலிழந்த தோளை அவ்வாறு இழுத்தல் மூட்டைச் சிதைத்துத் தீராத நோவை உண்டாக்கும். பயிற்சிக் காலம் முழுவதிலும் அவர் ஒருவரைத் தூக்குவதை எந்தப் போதனாசிரியரும் ஒருமுறையேனும் அருகிருந்து பார்க்கவில்லை. பார்த்திராத பிழையை எவர் திருத்துவர்? சரியான அறிவு வாய்திறவாமல் வகுப்புக்குள் நுழைந்து வாய்திறவாமல் வெளியேறியது. பிழையான பழக்கமும் அவ்வாறே. இடையில் நிகழ்ந்தது குறிப்பெழுதுதல் மட்டுமே.

இதற்கு அப்பெண் பொறுப்பாளி அல்லர். போதனாசிரியரை மட்டும் குறைகூறுதலும் முறையாகாது. போதனாசிரியருட் பலர் தாதியராகத் தொழில்புரிந்தவர்கள். வைத்தியசாலையின் கட்டளை ஒழுங்கிற் பழகியவர்கள். தமக்குக் கற்பிக்கப்பட்ட விதமாகவே தாமும் கற்பிக்கின்றனர். பாலர் வகுப்பு முதல் பல்கலைக்கழகம் வரை சொல்வதெழுதுதலையே கல்வி எனக் கொண்ட ஒரு முறைமையின் கடைக்கோடியில் அவர்கள் நிற்கின்றனர். விரிவுரை மண்டபத்திற் பழுப்பேறிய குறிப்புகளை வாசித்து எழுதுவிக்கும் வழக்கம் எம்மிடையேயும் இல்லாமற் போய்விடவில்லை என்பதை இச்சஞ்சிகையின் வாசகர் அறிவர். ஆயினும் ஒரு வேறுபாடுண்டு. எமது மாணவன் தவறாகக் கற்றால் பரீட்சையிற் புள்ளியை இழப்பான். பராமரிப்பாளர் தவறாகக் கற்றால், படுத்த படுக்கையாகக் கிடக்கும் ஒருவரின் வாயில் ஊட்டிய கஞ்சி சுவாசக் குழாய்க்குள் இறங்கும்.

வளர்ந்தோர் கல்வி பற்றிய சிந்தனை நேற்றுத் தோன்றியதன்று. 1926ஆம் ஆண்டில் எட்வேட் லின்டமன் வளர்ந்தோர் கல்வியின் பொருள் பற்றி எழுதிய நூலில், கற்பவரின் அனுபவத்தையே அக்கல்வியின் தலையாய மூலவளமாகக் கொண்டார். 1970இல் மல்கம் நோல்ஸ், சிறுவர்க்குக் கற்பித்தலும் வளர்ந்தோர்க்குக் கற்பித்தலும் வெவ்வேறு கலைகள் என வாதிட்டார். வளர்ந்தவர் தம்மைத் தாமே நடத்த வல்லவர். அனுபவச் செல்வத்தோடு வருபவர். வாழ்வில் எதிர்ப்படும் பிரச்சினையைத் தீர்ப்பதற்காகக் கற்பவர் என்பன அவர் வகுத்த எடுகோள்கள். அதே 1970இல் ஆங்கிலத்தில் வெளிவந்த நூலில் பிறேசிலைச் சேர்ந்த பாவுலோ பிறெயிரே, மாணவரை வெற்றுப் பாத்திரமாகக் கருதி அறிவை இட்டு நிரப்பும் கல்வியை வங்கியில் வைப்பிலிடுதலுக்கு ஒப்பிட்டுச் சாடினார். எமது கல்வியியல் மாணவர் இப்பெயர்களைப் பரீட்சைத்தாளில் எழுதுகின்றனர். இவற்றின் நிழல்கூடப் படாத வகுப்பறைகள் எமது நகரங்களிலேயே இயங்குகின்றன.

எனவே செய்யவேண்டியது யாது? முதலாவதாக, வகுப்பு வினாவுடன் தொடங்குதல் வேண்டும். படுக்கைப்புண் பற்றிய பாடத்தன்று, “உங்கள் வீட்டிற் படுக்கையாய்க் கிடந்தவர் யார்? அவருக்கு என்ன செய்தீர்கள்? ஏன் அவ்வாறு செய்தீர்கள்?” என்று போதனாசிரியர் கேட்பாராயின், முதல் அரைமணி நேரத்திலேயே அவருடைய கைக்குப் பெருஞ்செல்வம் வந்து சேரும். அச்செல்வத்திற் கள்ளநாணயமும் கலந்திருக்கும் என்பதை மறைக்கவேண்டியதில்லை. கன்றிய இடத்தை எண்ணெயிட்டு அழுத்தித் தேய்த்தல், நடுவில் துளையுள்ள வளையத் தலையணையில் இருத்துதல், படுத்தவாறே பாலூட்டுதல் என்பன அன்பினாற் செய்யப்படும் பிழைகள். அனுபவம் எல்லாம் அறிவாகும் என்று நான் வாதிடவில்லை. வெளியே கொண்டுவரப்படாத அனுபவத்தைச் சோதிக்க இயலாது என்பதே எனது வாதம். வாய்மூடி அமர்ந்திருப்பவர் தமது பழைய வழக்கத்தைக் கைவிட்டார் என்று எண்ணுவது பேதைமை. கொப்பியில் ஒன்றை எழுதிக்கொண்டு வீட்டில் வேறொன்றைச் செய்வார்.

இரண்டாவதாக, கையாற் செய்யும் தொழில் கையாலேயே கற்பிக்கப்படல் வேண்டும். வைத்தியக் கல்வியில் பேற்றன் என்பவர் 1998இல் எடுத்துரைத்த நான்கு படிமுறை இதற்கு மிகவும் பொருந்தும். முதற்படியில் ஆசிரியர் ஒரு செயலை இயல்பான வேகத்திற் பேசாமற் செய்து காட்டுகின்றார். இரண்டாம் படியில் ஒவ்வோர் அசைவையும் விளக்கிக்கொண்டு மெதுவாகச் செய்கின்றார். மூன்றாம் படியில் பயிலுநர் வாயாற் சொல்லச் சொல்ல ஆசிரியர் அதன்படி செய்கின்றார். நான்காம் படியில் பயிலுநரே சொல்லிக்கொண்டு செய்கின்றார். மூன்றாம் படியே இம்முறையின் உயிர்நாடி. “இனி நான் என்ன செய்ய வேண்டும்?” என்று ஆசிரியர் கேட்டு நிற்கும்போது பயிலுநரின் எண்ணம் வெளிப்படுகின்றது. பிழை நோயாளியின் உடலிற் படுமுன் திருத்தப்படுகின்றது. எமது வகுப்புகளிற் பல முதற்படியையே எட்டுவதில்லை. எட்டியவையும் இரண்டாம் படியுடன் நின்று, “விளங்கியதா?” என்று கேட்கின்றன. “விளங்கியது” என்று முப்பது குரல்கள் ஒருமித்து எழுகின்றன. அக்குரல்களைப் போல் ஆசிரியரை ஏமாற்றுவது வேறொன்றில்லை.

மூன்றாவதாக, பயிலுநர் தாமே கண்டறியுமாறு பாடத்தை அமைத்தல் வேண்டும். டேவிட் வேர்னரும் பில் பவரும் 1982இல் வெளியிட்ட சுகாதாரப் பணியாளர் கல்வி பற்றிய நூலில் ஒரு சுரைக்குடுவை வருகின்றது. மெக்சிக்கோவின் மலைக்கிராமப் பணியாளர், குழந்தையின் வயிற்றோட்டத்தைக் கற்பிக்க அதனைப் பயன்படுத்தினர். குடுவையின் உச்சியில் ஒரு துளையிட்டு ஈரத்துணியால் மூடுவர்; அடியிலும் ஒரு துளையிட்டுத் தக்கையால் அடைப்பர். நீரை நிரப்பித் தக்கையை எடுத்ததும் நீர் ஒழுக ஒழுக உச்சியிலுள்ள துணி உட்குழிகின்றது. உச்சிக்குழி ஏன் பதிகின்றது என்பதை எழுத்தறியாத தாயும் தன் கண்ணாற் கண்டு கூறிவிடுகின்றாள். இத்தகைய உபாயங்கள் எமக்கும் எட்டாதவையல்ல. பயிலுநரின் கண்களைக் கட்டி, கையுறை அணிவித்து, சிறிது வண்ணச்சாயத்தைச் சவர்க்காரம்போல் தேய்க்கச் செய்யுங்கள். கட்டை அவிழ்த்ததும் பெருவிரலிலும் விரல் நுனிகளிலும் சாயம் படாதிருப்பதைப் பெரும்பாலோர் காண்பர். கைகழுவுதல் பற்றிய ஒரு மணிநேர விரிவுரை அதற்கு ஈடாகாது.

ஊட்டுதலைக் கற்பிக்கும் வழியும் இதுவே. ஒரு பயிலுநரைப் படுக்கவைத்து, கண்ணை மூடச்செய்து, முன்னறிவித்தலின்றி மற்றொருவர் ஒரு கரண்டி நீரை வாயில் வைக்கட்டும். அவர் அடையும் அச்சமே பாடத்தின் முதற்பகுதி. பின்னர் அவரை நிமிர்த்தி இருத்தி, நாடியைச் சற்றுத் தாழ்த்தி, எதிரே சம உயரத்தில் அமர்ந்து, சொல்லிவிட்டுச் சிறுகச் சிறுக ஊட்டி, விழுங்கியபின் அடுத்த கரண்டியை எடுக்கட்டும். உண்டபின் அரைமணி நேரமேனும் சாய்க்காதிருத்தல் ஏன் என்பதற்கு அப்போது குறிப்புத் தேவைப்படாது. தன் உடலிற் பட்டதைப் பயிலுநர் மறவார். மறதிநோய் கண்ட முதியவர் மாலைவேளையில் “நான் அம்மா வீட்டை போகவேணும்” என்று வாசலை நோக்கி நடக்கும்போது என்ன கூறுவது என்பதையும் நடித்துப் பார்த்தே கற்கலாம். “உங்கள் அம்மா இறந்து நாற்பது வருடமாகின்றது” என்று உண்மையுரைப்பது அவருக்கு அன்றுதான் அம்மா இறந்ததாகிவிடும் என்பதை, அந்த முதியவராக நடித்தவர் மற்றவர்க்குச் சொல்வார்.

நான்காவதாக, பயிற்சி நிகழும் இடம் தொழில் நிகழும் இடத்தை ஒத்திருத்தல் வேண்டும். ஏற்றி இறக்கத்தக்க வைத்தியசாலைக் கட்டிலிற் பழகியவர், யாழ்ப்பாணத்து வீடொன்றிற் பலகைக் கட்டிலையும் வளவின் பின்புறத்தே உள்ள மலசலகூடத்தையும் எதிர்கொள்கின்றார். லயன் அறையில் ஒருவர் திரும்பி நிற்கவே இடமில்லை. அங்கு முதுகை முறித்துக்கொள்ளாமல் ஒருவரை எவ்வாறு புரட்டுவது, படுக்கை விரிப்பையே இழுவைத் துணியாக எவ்வாறு பயன்படுத்துவது என்பன யாவும் பாயை விரித்துத் தரையிற் பழகவேண்டியவை. பராமரிப்பாளரின் முதுகும் ஓர் உடல்தான் என்பதைப் பாடத்திட்டம் மறத்தலாகாது.

இவற்றிற்கு எதிராகக் கூறப்படும் வாதங்களை நான் அறிவேன். இப்பெண்களுட் பலர் சாதாரண தரமும் சித்தியடையாதவர்கள். அவர்களுக்கு அடிப்படைக் கோட்பாட்டை எழுதிக் கொடுக்காவிடின் எதுவும் நிற்காது என்பது ஒன்று. எழுத்தால் ஏற்கெனவே தோற்கடிக்கப்பட்டவரை மீண்டும் எழுத்தாலேயே பயிற்றுவோம் என்று கூறும் விந்தை இது. பாடசாலை வெளியே தள்ளியவரைப் பாடசாலைக்குள் மறுபடி அமர்த்தி அவமானப்படுத்துவதன்றி இதனாற் கிட்டும் பயன் யாது? ஒரு வகுப்பில் முப்பது பேர், கட்டில் ஒன்று, நேரமுமில்லை என்பது மற்றொன்று. முப்பது பேரை மூவர் மூவராகப் பிரித்தால் பத்துக் குழுக்கள். ஒருவர் நோயாளி, ஒருவர் பராமரிப்பாளர், ஒருவர் படிமுறைப் பட்டியலைக் கையில் வைத்துக் கவனிப்பவர், பின்னர் மாறிக்கொள்வர். பத்துப் பாய்கள் போதும். குறிப்பெழுதுவிப்பதற்குச் செலவாகும் நேரத்தை மிச்சப்படுத்தினால் நேரமும் போதும். குறிப்பை அச்சிட்டுக் கையில் கொடுத்துவிடலாமே!

மொழி பற்றிய வாதம் மூன்றாவது. வெளிநாடு செல்வோர்க்கு ஆங்கிலச் சொற்கள் வேண்டும் என்பதால் பாடமும் அச்சொற்களால் நிரம்பியிருக்கவேண்டும் என்கின்றனர். மானிப்பாயில் இருந்துகொண்டு சாமுவேல் பிஸ்க் கிறீன் 1860களில் மேலை வைத்தியத்தைத் தமிழிற் போதித்தார். பிரசவ வைத்தியம் 1857இலும் இரணவைத்தியம் 1867இலும் தமிழில் நூலாயின. சத்திரசிகிச்சையைத் தமிழிற் கற்பிக்க இயன்ற மண்ணில், ஒருவரைப் புரட்டிப் படுக்கவைப்பதைத் தமிழிற் கற்பிக்க இயலாதா? வேற்றுமொழி வேண்டாம் என்பதன்று எனது கருத்து. 2019இல் ஜப்பானுடன் கைச்சாத்திடப்பட்ட ஒத்துழைப்பு உடன்படிக்கையின் வழி பராமரிப்புத் தொழிலுக்குச் செல்வோர் ஜப்பானிய மொழித் தேர்விலும் தொழிற்றிறன் தேர்விலும் தனித்தனியே சித்தியடைதல் வேண்டும். மொழி வேறு, தொழில் வேறு என்பதை அந்நாடே ஏற்றுக்கொண்டுள்ளது. மொழியை மொழியாகக் கற்பியுங்கள், “வலிக்கின்றதா?” என்று கேட்கவும், வரும் விடையை விளங்கிக்கொள்ளவும் கற்பியுங்கள். தொழிலைத் தாய்மொழியிற் கற்பியுங்கள். இரண்டையும் குழப்பினால் பயிலுநர் இரண்டையும் இழப்பார்.

பரீட்சை பற்றியும் ஒன்று கூறுதல் வேண்டும். ஏழு மட்டங்களைக் கொண்ட எமது தேசிய தொழிற் தகைமைக் கட்டமைப்பு தேர்ச்சியை அடிப்படையாகக் கொண்டது. வகுப்பிற் பயிலாது தொழிலிற் பழகியவரின் முன்னறிவை மதிப்பிட்டுச் சான்றிதழ் வழங்கவும் அதில் இடமுண்டு. கொள்கை சரியானது. ஏட்டில் தேர்ச்சி எனப் பொறித்துவிட்டு வகுப்பறையில் மனனத்தை வளர்ப்பதே எமது முரண்பாடு. நான்கு நிலைகளை வரிசையாகக் கூறு என்பது வினாவன்று. இம்முதியவரின் முதுகைத் தொட்டுப்பார், எங்கே ஆபத்து, இன்றிரவு என்ன செய்வாய் என்பதே வினா.

இவ்வளவு எளிய உண்மைகள் ஏன் புறக்கணிக்கப்படுகின்றன? பராமரிப்பு என்பது பெண்ணுக்கு இயல்பாகவே வருவது என்ற நம்பிக்கையே இதன் வேர். இயல்பாக வருவதற்குக் கூலி எதற்கு என்று வீட்டுக்காரர் கேட்கின்றார். இயல்பாக வருவதற்குப் பயிற்சி எதற்கு என்று நிருவாகம் எண்ணுகின்றது. ஆகவே குறைந்த கூலியும் பெயரளவிலான பயிற்சியும் ஒரே மரத்தின் இரு கிளைகளாகின்றன. அவளுடைய அறிவை அறிவென ஏற்காத வகுப்பறை, அவளுடைய உழைப்பை உழைப்பென ஏற்காத சமூகத்தின் பிரதிபிம்பம். இரண்டையும் ஒருங்கே எதிர்த்தாலன்றி ஒன்றையும் வெல்ல இயலாது.

பல்கலைக்கழகத்தார் இதில் ஒதுங்கி நிற்றல் தகாது. எம்மிடம் கல்வியியல் உண்டு, வைத்தியமும் தாதியியலும் உண்டு, தமிழும் உண்டு. இம்மூன்றையும் ஒரு மேசையில் அமர்த்தி, எமது கருந்தோலுக்கும் பாய்க்கும் கிணற்றடிக்கும் பொருந்துகின்ற ஒரு கைந்நூலைத் தமிழில் ஆக்குவது எம்மால் இயலாத காரியமன்று. அதனை எழுதுமுன் எழுதுவோர் ஒரு பயிற்சி வகுப்பின் பின்வாங்கில் சென்று அமர்ந்து, அங்குள்ள பெண்களிடம் ஒரு கேள்வியைக் கேட்கட்டும். எனது வீட்டில் ஆறு மாதங்கள் பணிபுரிந்த அப்பெண்ணிடம் எவரும் கேளாத கேள்வி அது: “இதுவரை நீங்கள் எவ்வாறு செய்தீர்கள்?”